இரண்டாவது தோட்டாவைப் பற்றி மகளுக்கு

அன்பு மகளுக்கு,

கொலராடோவுக்குக் குடிபோன பிறகு நீ எழுதிய முதல் நீண்ட மின்னஞ்சல் வேட்டைத் துப்பாக்கியைப் பற்றியதாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. உன் அம்மாவும் எதிர்பார்க்கவில்லை, ஆனால் அவள் அதைச் சொன்ன தொனியே வேறு. அரைத் தானியங்கி ரைஃபிள் ஒன்றை வாங்கி, நரி போன்ற காட்டு நாயான கொயோட்டிக்கும் இலையுதிர்காலத்து மானுக்கும் அதையே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தாய். தொலைபேசியில் சொன்னால் பாதியை நான் விட்டுவிடுவேன், மீதியை நீ மறந்துவிடுவாய் என்பதால் எழுதுகிறேன்.

உன்னோடு வேட்டைக்கு வரப்போகிறவர்கள், அது வேட்டைத் துப்பாக்கியே அல்ல என்று சொன்னார்களாம். ஜான் பிரௌனிங் வடிவமைத்து, பின்னாளில் மாடல் 8 என்று பெயர் பெற்ற ரெமிங்டன் நிறுவனத்து அரைத் தானியங்கி ரைஃபிள் 1906இலேயே சந்தைக்கு வந்து மான் வேட்டைக்காரர்களின் கைக்குப் போய்விட்டது என்று அவர்களிடம் சொல். விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு தோட்டாதான் போகும். காலி உறையை வெளியே தள்ளி அடுத்ததை ஏற்றும் வேலையை மட்டும் வெடிவாயுவோ பின்னுதைப்போ நமக்காகச் செய்துவிடுகிறது. நீ வாங்க நினைக்கும் ரகத்தின் பெயரில் உள்ள ஏஆர் என்ற இரண்டு எழுத்தைக் கேட்டதும் முகம் சுளிப்பவர்களுக்கு, அது தாக்குதல் துப்பாக்கி என்பதன் சுருக்கமல்ல, ஆர்மலைட் என்ற நிறுவனப் பெயரிலிருந்து வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். அதற்கு மேல் வாதாட வேண்டாம்.

உன்னைப் பொறுத்தவரை இந்தத் துப்பாக்கிக்கு ஆதரவாக ஒரு காரணம் உண்டு. அதை நீயே எழுதாதது எனக்கு வியப்பு. நீ இடக்கைக்காரி. ஒவ்வொரு தோட்டாவையும் கையால் இழுத்து ஏற்றும் சாதாரண போல்ட் ரைஃபிளின் கைப்பிடி வலப்பக்கம் இருப்பதால், ஒவ்வொரு முறையும் நீ துப்பாக்கியின் மேலாகக் கையைக் கொண்டுபோய் இழுக்க வேண்டியிருந்ததையும், அதற்குள் முயல் வேலி தாண்டிவிட்டதையும், நீ என்னை முறைத்ததையும் நான் மறக்கவில்லை. இடக்கைக்கென்றே செய்த போல்ட் ரைஃபிள்கள் கிடைக்கும் என்றாலும் தேர்வு குறைவு. அரைத் தானியங்கியில் முதல் தோட்டாவுக்குப் பிறகு அந்தத் தொல்லை இல்லை. கன்னம் கட்டையிலிருந்து எழ வேண்டியதில்லை, கண் ஸ்கோப் என்ற குறிபார்க்கும் தொலைநோக்கியை விட்டு நகர வேண்டியதில்லை. பின்னுதைப்பின் ஒரு பகுதியை இயந்திரமே வாங்கிக்கொள்வதால் தோளுக்கும் இதம்.

இங்கே டெக்சாஸில் காட்டுப்பன்றிக்கு நான் அதைத்தான் எடுத்துப் போகிறேன். ஒரே இரவில் ஒரு கூட்டம் வயலை உழுது போட்டதைப்போல் கிளறிவிட்டுப் போயிருப்பதை நீயும் சிறுமியாக இருந்தபோது பார்த்திருக்கிறாய். 2019 செப்டம்பர் முதல், நில உரிமையாளரின் அனுமதி இருந்தால் தனியார் நிலத்தில் பன்றியைச் சுட வேட்டை உரிமம்கூடத் தேவையில்லை என்று இந்த மாநிலம் தளர்த்தியிருப்பதற்கு அந்தச் சேதம்தான் காரணம். முதல் வெடிச்சத்தத்தில் கூட்டம் சிதறும். இரண்டாவது, மூன்றாவது பன்றிக்கு உனக்குக் கிடைப்பது சில நொடிகள். கொயோட்டியும் அப்படித்தான். இரையின் குரலில் நாம் ஊதும் ஊதலுக்கு இரண்டு சேர்ந்து வந்தால், ஒன்று விழுந்ததும் மற்றது ஒரு கணம் நின்று திரும்பிப் பார்த்துவிட்டே ஓடும்.

இரண்டாவது தோட்டா இரண்டாவது விலங்குக்காக. அல்லது முதல் விலங்கு இன்னும் காலூன்றி நின்றால் அதன் வேதனையை உடனே முடிப்பதற்காக. முதல் தோட்டாவை அலட்சியமாக விடுவதற்காக அல்ல. இதை நான் கற்றுக்கொண்ட விதம் பெருமைப்படத்தக்கதல்ல. நீ கல்லூரியில் இருந்த ஆண்டு, ஓடும் பன்றி ஒன்றின் பின்னால் ஐந்து தோட்டாக்களை வரிசையாக விட்டேன். முதலாவது வயிற்றில் பட்டது, மற்ற நான்கும் மண்ணில். கையில் ஒற்றைத் தோட்டா மட்டும் இருந்திருந்தால், அது பக்கவாட்டைக் காட்டி நிற்கும்வரை பொறுத்திருப்பேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. டார்ச் விளக்கோடு இரவு பதினொரு மணிவரை புதருக்குள் இரத்தத் துளியைத் தேடி நடந்தோம். கிடைத்தபோது அது இன்னும் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. அதன் பிறகு பல மாதங்கள் மேகசினில், அதாவது தோட்டாப் பெட்டியில், இரண்டே தோட்டாக்களைப் போட்டுக்கொண்டு போனேன்.

இந்தத் துப்பாக்கிக்கே உரிய சில சங்கடங்களைக் கடைக்காரர் உனக்குச் சொல்லமாட்டார். சத்தம் வரக்கூடாது என்று நினைத்து, விடியற்காலையில் முதல் தோட்டாவை ஏற்ற இழுக்கும் பிடியான சார்ஜிங் ஹேண்டிலைக் கையாலேயே மெதுவாக முன்னே விட்டுவிடத் தோன்றும். அப்படிச் செய்தால் குழலின் பின்வாயை மூடும் போல்ட் முழுதாகப் பூட்டாமல் மயிரிழை பின்தங்கி நின்றுவிடலாம். நாற்பது நிமிடம் உறைபனியில் காத்திருந்து, கொயோட்டி முப்பது அடியில் வந்து நின்றபோது விசையை இழுத்தால் வெடிக்கவே இல்லை. எனக்கு நேர்ந்தது அதுதான். வண்டியிலிருந்து இறங்கிக் காத்திருக்கும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததும், குழலைப் பத்திரமான திசையில் வைத்துக்கொண்டு, ஹேண்டிலை முழுதாக இழுத்துத் தானாக அடிக்கவிடு. பிறகு போல்ட்டை முன்னே தள்ளும் ஃபார்வர்ட் அசிஸ்ட் பொத்தானை உள்ளங்கையால் ஒருமுறை அழுத்திப் பார். எழும் சத்தத்தைப் பத்து நிமிட அமைதி சரிசெய்துவிடும். வேட்டை முடிந்து மேகசினைக் கழற்றினால் மட்டும் துப்பாக்கி காலியாகிவிடாது. குழலின் அறையில் ஒன்று இருந்துகொண்டே இருக்கும்.

இன்னொன்று, ஸ்கோப் குழலுக்கு மேலே சுமார் இரண்டரை அங்குல உயரத்தில் உட்கார்ந்திருக்கும். பாறைமீது சாய்த்துச் சுடும்போது கண்ணாடிக்குள் வெட்டவெளி தெரியும், ஆனால் குழலின் வாய்க்கு எதிரே பாறையின் விளிம்பு நிற்கும். என் இடக் கன்னத்தில் உள்ள சிறு தழும்பு அப்படித் தெறித்த கல் சில்லால் வந்தது; அது சவரக்கத்தி பட்டது என்று உன் அம்மா இன்றுவரை நம்புகிறாள்.

அணில் இனத்தைச் சேர்ந்த பிரேரி நாய்களைச் சுட அழைத்தால், குழல் சூட்டை மனத்தில் வை. கண் எடுக்காமல் சுட முடிகிறதே என்று இருபது முப்பது தோட்டாக்களை அடுத்தடுத்து விட்டால், மெல்லிய குழல் சூடேறிக் குறி நகரத் தொடங்கும், கானல் எழுந்து ஸ்கோப்பில் எல்லாம் நெளியும்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். நீ பார்த்துவைத்திருக்கும் .223 ரெமிங்டன் என்ற தோட்டா ரகம் கொயோட்டிக்கு மிக நல்லது. 55 கிரெயின் (தோட்டா முனையின் எடை அளவு) ரவை நொடிக்கு ஏறக்குறைய 3,200 அடி வேகத்தில் கிளம்பும். மானுக்கு ஆகாது. என் அபிப்பிராயம் ஒருபுறம் இருக்கட்டும், கொலராடோவில் சட்டமே அதை அனுமதிக்காது: மானுக்குக் குறைந்தது .24 காலிபர் (அங்குலக் கணக்கில் குழல் விட்டம்), 70 கிரெயின் ரவை, 100 கெஜத்தில் 1,000 அடி-பவுண்டு ஆற்றல் வேண்டும். பெருவிலங்கு வேட்டையில் அரைத் தானியங்கி ரைஃபிளின் மேகசினிலும் அறையிலும் சேர்த்து ஆறு தோட்டாக்களுக்கு மேல் கொள்ளக் கூடாது. ஆகவே ஏஆர்-15இன் ஒரே அடிப்பாகத்தில் இரண்டு மேற்பாகங்களை மாற்றி மாற்றிப் பொருத்துவதுதான் உனக்குச் சரி, கொயோட்டிக்கு .223, மானுக்கு 6.5 கிரென்டல் என்ற பெரிய தோட்டா ரகம். மேற்பாகத்தை மாற்றும் ஒவ்வொரு முறையும் தாள் குறியில் மூன்று தோட்டாக்களாவது சுட்டுச் சரிபார்க்காமல் காட்டுக்குப் போகாதே.

வாங்குவதற்கு முன் அங்கே விசாரிக்க வேண்டியது வேறு இருக்கிறது. 2025இல் கையெழுத்தான கொலராடோ சட்டத்தின்படி, கழற்றி மாட்டும் மேகசின் கொண்ட இத்தகைய ரைஃபிள்களில் பெரும்பாலானவற்றை 2026 ஆகஸ்ட் 1 முதல் வாங்கப் பாதுகாப்புப் பயிற்சியும் ஷெரிப் வழியாகப் பெறும் தகுதிச் சான்றும் தேவை. பதினைந்து தோட்டாக்களுக்கு மேல் கொள்ளும் மேகசின்களை அந்த மாநிலம் 2013 ஜூலையிலேயே தடைசெய்துவிட்டது; ஆகவே இங்கே உன் அலமாரியில் கிடக்கும் முப்பது தோட்டா மேகசின்களைக் கேட்காதே, அனுப்பமாட்டேன். என் துப்பாக்கியையே உனக்குத் தந்துவிடலாமே என்றும் யோசித்தேன். நாம் இருவரும் வெவ்வேறு மாநிலத்தவர் என்பதால், மகளே ஆனாலும், உரிமம் பெற்ற விற்பனையாளர் ஒருவர் வழியாகத்தான் அது உன் கைக்கு வர முடியும்.

ஐந்து தோட்டா மேகசின்கள் இரண்டை மட்டும் தனியே பார்சலில் அனுப்பியிருக்கிறேன். விடுமுறைக்கு வரும்போது என்னுடையதைச் சுட்டுப் பார். நூறு கெஜத்தில் குறிப்பலகை நட்டுவைக்கிறேன். காலி உறை வலப்பக்கமாகத்தான் பறக்கும், அதாவது உன் முகத்துக்கு எதிரே. பின்னால் உள்ள சிறு தடுப்பு அதை முன்னே திருப்பிவிடும் என்றாலும் எப்போதாவது ஒன்று கழுத்துக்குள் விழும், நன்றாகச் சுடும். கண்ணாடி அணிந்துகொள், சட்டையின் மேல் பொத்தானையும் போட்டுக்கொள்.

அன்புடன்,
அப்பா