தேர்வு பயமும் குதிரை லாயமும்

ஐயா,

சித்திரையில் அழகரின் தங்கக் குதிரையையும் அய்யனார் கோயில் மண்குதிரைகளையும் பார்த்து வளரும் மதுரைப் பிள்ளைகளுக்கு, உயிருள்ள குதிரையைத் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பு குறைவு. பத்தாம் வகுப்புத் தேர்வு பயத்தில் பேச்சே குறைந்துபோன அக்கா மகனை, அழகர்கோயில் சாலைப் பக்கம் தெரிந்தவர் லாயத்துக்கு வாராவாரம் கூட்டிப்போனேன். சவாரியெல்லாம் இல்லை; உடம்பைத் தேய்த்துவிடுவது, கொள்ளு வைப்பது, சாணி அள்ளுவது, அவ்வளவுதான். குதிரை ஆபத்தென்றால் ஓடிவிடும் பிராணி. பதற்றத்தோடு நெருங்கினால் காதை விடைத்துக்கொண்டு விலகும். நிதானமாகப் போனால் தலையைத் தாழ்த்தி நிற்கும். பையன் இப்போது வீட்டில் குதிரைக் கதையாவது பேசுகிறான். மனநல மருத்துவருக்கு இது மாற்று அல்ல (பின்பக்கம் போனால் உதையும் விழும்!). ஆனாலும், அனுபவமுள்ளவர் துணையோடு மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளை மாதம் ஒருமுறை அழைத்துப்போகலாமே?

ஒரு தாய்மாமன்,
கே.புதூர், மதுரை