ரங்கூனில் ஈழத்து நாவல் படிக்க உதவியவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

ஈழப் போரில் அகப்பட்ட சாதாரண சனங்களைப் பற்றிய நாவல்களை ரங்கூனில் நாங்கள் சிலர் கூடி உட்கார்ந்து படித்தோம். முதல் சுற்று முடிந்துவிட்டது. உதவியவர்களுக்கு நன்றி எழுதும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். யாருடைய பெயரையும் போடப் போவதில்லை. ஏன் என்று இந்த ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், படிக்கும்போது தன்னைத்தான் சொல்கிறேன் என்று அவரவருக்குப் புரிந்துவிடும்.

முதலில் புத்தகம் கொண்டுவந்தவர். முன்பெல்லாம் இந்தியச் சாமான் எல்லை ஊர்களான மோரே (மணிப்பூர்ப் பக்கம்), தமு (பர்மாப் பக்கம்) வழியாக வரும். அதோடு ஒட்டிக்கொண்டு வாரப் பத்திரிகையும் கோயில் காலண்டரும் வரும். 2023 மே மாதம் மணிப்பூரில் கலவரம் தொடங்கியது. இந்தப் பக்கம் தமுவைச் சுற்றிச் சண்டை. அந்த வழியை நம்பி இனி எதையும் சொல்லி அனுப்ப முடியாது என்று ஆகிவிட்டது. அப்போதுதான் சென்னைக்கு இருதய வைத்தியத்துக்குப் போன அண்ணன் கை கொடுத்தார். மாத்திரை டப்பாக்களுக்கு நடுவே தமிழ்க்கவியின் ‘ஊழிக்கால’மும் சயந்தனின் ‘ஆதிரை’யும் வந்து சேர்ந்தன. ‘ஆதிரை’ கனமான புத்தகம். அதற்கு இடம் பண்ண அண்ணி தன் இரண்டு சேலைகளைப் பெட்டியிலிருந்து எடுத்து மாமியார் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தாராம். அண்ணி, உங்களுக்குத்தான் முதல் நன்றி. அண்ணனுக்கு இரண்டாவது.

பெட்டியில் வராததை நூலகம் வலைத்தளத்திலிருந்து எடுத்தோம். 2005 முதல் ஈழத்துப் புத்தகங்களையும் பழைய பத்திரிகைகளையும் ஒவ்வொரு பக்கமாக ஸ்கேன் செய்து, காசு வாங்காமல் எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கும் தன்னார்வலர்கள் அவர்கள். 1981இல் யாழ்ப்பாணம் பொது நூலகத்தில் ஏறக்குறைய 97,000 புத்தகங்கள் எரிந்துபோன பிறகு, ஒரே கட்டடத்தை நம்பக்கூடாது என்று தெரிந்த சனம். இங்கே நெட் எப்போது இருக்கும், எப்போது போகும் என்று தெரியாது. விடியற்காலையில் எழுந்து அவற்றைத் தரவிறக்கிப் போனிலிருந்து போனுக்கு மாற்றிக் கொடுத்த தம்பிக்கும் நன்றி.

அப்புறம் வாத்தியார் ஐயா. 1960களில் தனியார் பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்ட பிறகு தமிழ் கோயில் வகுப்போடு நின்றுவிட்டது. அதனால் எங்களில் பாதிப் பேருக்குத் தமிழ் வாயில் இருக்கிறது, கண்ணில் இல்லை. ஐயாதான் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, புத்தகத்தை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, எங்களுக்கு உரக்கப் படித்தார். கரண்ட் போனால் சார்ஜ் விளக்கு. அதுவும் மங்கினால் ‘மீதி அடுத்த வாரம்’ என்று மூடிவிடுவார். கெஞ்சினாலும் ஒரு வரி கூடச் சொல்ல மாட்டார். இருட்டுவதற்குள் எல்லோரும் வீடு சேர வேண்டும் என்பதில் அவ்வளவு கண்டிப்பு.

அவர் படித்ததைப் பர்மிய மொழியில் சொன்னது ஒரு பேத்தி. பெரியவர்கள் தமிழில் கேட்க, தமிழ் சரியாக வராத பிள்ளைகளும் பக்கத்து வீட்டுக் கரேன் டீச்சரும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள்.

டீச்சரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ‘ஊழிக்காலம்’ ஒரு வயதான பெண் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, போரின் கடைசி மாதங்களில் இடம் மாறி இடம் மாறி முள்ளிவாய்க்கால் வரை போகும் கதை. போர்க்களம் அதில் தூரத்தில்தான் இருக்கிறது. கண்ணுக்கு முன்னால் இருப்பது அடுப்பும் மாவும் தண்ணீரும் பதுங்கு குழியும். வன்னியில் ஊரைவிட்டுக் கிளம்பியவர்கள் கூரைத் தகரத்தையும் கதவு நிலையையும் கழற்றி ட்ராக்டரில் ஏற்றினார்கள் என்று பேச்சு வந்தது. ரயில்வே குடும்பத்துப் பெரியவர் ஒருவருக்கு உடனே ரங்கூனை ஒட்டிய இன்சின் ஞாபகம் வந்துவிட்டது. 1949இல் அங்கே அரசுப் படைக்கும் கரேன் இனத்தவரின் படைக்கும் 112 நாள் சண்டை நடந்தது. அவருடைய அம்மா தூக்கிக்கொண்டு ஓடியது தையல் மிஷினின் தலையை. நகை வீட்டிலேயே போனது, மிஷின் பிழைத்தது, பின்னால் அதுதான் சோறு போட்டதாம். பேத்தி இதைச் சொல்லி முடித்ததும் டீச்சர், தன் தாத்தா அதே இன்சினில் எதிர்ப் பக்கம் இருந்தவர் என்றார். அறையில் யாரும் பேசவில்லை. பெரியவர்தான், ‘உங்க பாட்டி என்னத்தை எடுத்துக்கிட்டு ஓடினாங்க?’ என்று கேட்டார். ஒரு பெட்டைக்கோழியும் பைபிளும் என்றார் டீச்சர். அதற்குப் பிறகு அன்றைக்குப் புத்தகம் நகரவில்லை. அவர்கள் இருவருக்கும் தனியாக ஒரு நன்றி.

‘ஆதிரை’ எங்களை வேறு மாதிரி பிடித்துக்கொண்டது. மலையகத்திலிருந்து விரட்டப்பட்டு வன்னிக்கு வந்தவர்களும் அந்தக் கதையில் இருக்கிறார்கள். கூலிக்கு வந்த குடும்பம், எந்த நாட்டுக் காகிதத்திலும் ஒழுங்காகப் பெயர் இல்லாத சனம். இது நமக்குத் தெரிந்த கதைதானே? 1964இல் இலங்கையும் இந்தியாவும் போட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அந்த மலையகச் சனத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது. அதே 1964இல்தான் இங்கே கடைகளை நாட்டுடைமை ஆக்கினார்கள், 50 கியாட், 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள், நம் ஆட்கள் கப்பல் கப்பலாகப் போனார்கள். இந்த ஒற்றுமையை எடுத்துச் சொன்னவர் வரலாறு படித்தவர் இல்லை, ஜவுளிக்கடைக் கணக்குப்பிள்ளை. கடையை மூடிவிட்டு, மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு வருவார். அவருக்கும் நன்றி.

எங்கள் கூட்டத்தில் ஓர் அக்கா பேசிய ஒரு நாளைப் பற்றி எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன், எழுது என்றார். அனுக் அருட்பிரகாசம் 2016இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவலை ஒரு தம்பி சுருக்கிச் சொன்னான். முகாமில் ஒரு தகப்பன், முன்பின் பழகாத பையனிடம் வந்து தன் மகளைக் கட்டிக்கொள் என்று கேட்கிறார். கல்யாணம் ஆனால் மகளைப் படைக்குப் பிடித்துக்கொண்டு போகமாட்டார்கள் என்ற நப்பாசை. அக்கா கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். இங்கே 2024 பிப்ரவரியில் கட்டாய இராணுவச் சேவைச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள், ஆண்களுக்கு 18 முதல் 35 வயது, பெண்களுக்கு 18 முதல் 27. கல்யாணமான பெண்ணுக்கு விலக்கு உண்டு. ‘எனக்கு இருக்கிறது மகன். அவனுக்கு எத்தனை கல்யாணம் பண்ணி வைச்சாலும் விடமாட்டாங்களே’ என்றார் அக்கா. சிரித்தது அவர்தான் முதலில். பையன் இப்போது இந்த ஊரில் இல்லை. அடுத்த வாரமும் அக்கா வந்தார், முன்வரிசையில் உட்கார்ந்தார். வந்ததற்கு நன்றி அக்கா.

வீரவசனம் அதிகமாக இருந்த இரண்டு புத்தகங்களைப் பாதியில் வைத்துவிட்டோம். எந்தப் புத்தகம் என்று சொல்லப் போவதில்லை. செத்தவன் எப்படிச் செத்தான் என்பதைவிட, மிச்சமிருந்தவர்கள் அன்றைக்கு என்ன சாப்பிட்டார்கள் என்று சொன்ன புத்தகங்களுக்குத்தான் எங்கள் கூட்டத்தில் மதிப்பு. நானும் அந்தக் கட்சி.

சாப்பாடு என்றதும் பெரியம்மா ஞாபகம் வருகிறார். மாடியறை அவருடையது, டீயும் பருப்பு வடையும் அவர் கணக்கு. எண்ணெய் விற்கிற விலையில் வடை வேண்டாம் என்று எத்தனையோ தடவை சொல்லியாயிற்று, கேட்கிறவர் இல்லை. முள்ளிவாய்க்கால் நினைவு நாளான மே 18 அன்று மட்டும் வடை கிடையாது. முள்ளிவாய்க்காலில் குடித்ததைப் போல அரிசியும் உப்பும் தண்ணீரும் மட்டும் போட்டுக் கஞ்சி காய்ச்சி வைத்திருந்தார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, வாத்தியார் படித்ததைக் காதில் வாங்கிக்கொண்டு அடுப்படியில் இருந்தவர்தான்.

சரி, அடுத்த சுற்று. வெ. சாமிநாத சர்மா 1942இல் இங்கிருந்து இந்தியாவுக்கு நடந்துபோன கதையை எடுத்துக்கொள்ளலாம் என்று பேச்சு. இதே ரங்கூனில் ‘ஜோதி’ பத்திரிகை நடத்தியவர் அவர். அது உலகப்போர், உள்நாட்டுப் போர் இல்லையே என்று கணக்குப்பிள்ளை ஆட்சேபம் சொல்லியிருக்கிறார். நடந்தவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான் என்று பெரியவர் பதில் சொல்லியிருக்கிறார். வந்து உங்கள் பக்கத்தையும் சொல்லுங்கள். அந்தப் புத்தகம் யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால் வாத்தியாரிடம் கொடுங்கள். ‘ஆதிரை’யை இரவல் வாங்கிப் போனவர் தயவுசெய்து திருப்பித் தரவும், அண்ணியின் சேலைக்குப் பதிலாக வந்த புத்தகம் அது.

நன்றியுடன்,
வாசிப்புக் கூட்டத்தில் ஒருத்தி
ரங்கூன்