மீட்டர் மட்டும் போதாது, உப்புக் கணக்கும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழை பிடித்தால் திருப்பூர் வழியாக ஓடும் நொய்யல் ஆற்றில் நுரை போகும் படம் வருகிறது. சாயப்பட்டறைகளுக்கு இன்னும் கழிவுநீர் மீட்டர் பொருத்துங்கள் என்ற குரலும் கூடவே எழுகிறது. (கோவையிலிருந்து வரும் ஊர்ச் சாக்கடையில் உள்ள சோப்பும் நுரைக்கும், நுரையை வைத்துச் சாயப்பட்டறையைப் பிடிக்க முடியாது.) மீட்டர் தேவைதான். ஆனால் அது பொருத்திய குழாயில் ஓடும் நீரைத்தான் அளக்கும். இரவு இரண்டு மணிக்கு வேறொரு வால்வு வழியாகப் போவது அதற்குத் தெரியாது. அதைக் காட்டிக்கொடுக்கக் கூடியது உப்பு.

காரணம் எளிது. பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் வகைச் சாயம் துணியில் ஏற உப்பு வேண்டும். சாயத்தைத் துணியின் பக்கம் தள்ளுவதோடு அதன் வேலை முடிந்தது. துணியில் அது தங்குவதில்லை, கழுவும் நீரோடு வெளியே வந்துவிடும். சாய நிறத்தைக் குளோரின் போட்டு வெளுக்க வைக்கலாம். உப்பை எந்த மருந்தும் அழிக்காது. வாங்கிய உப்பு எங்காவது இருந்தே ஆக வேண்டும்.

நாளுக்கு 5 டன் துணிக்கு நடுத்தர நிறம் போடும் ஒரு பட்டறையை எடுத்துக்கொள்வோம். கிலோவுக்கு 8 லிட்டர் சாயத் தொட்டி நீர், லிட்டருக்கு 60 கிராம் உப்பு என்றால், 40,000 லிட்டரில் 2,400 கிலோ உப்பு கரைகிறது. கழுவலையும் சேர்த்துக் கிலோவுக்கு 60 லிட்டர் என்று வைத்தால் மொத்தக் கழிவுநீர் 3 லட்சம் லிட்டர். லிட்டருக்கு 8,000 மில்லிகிராம் உப்பு. ஆற்றில் விடும் கழிவுநீருக்குப் பொதுவான வரம்பு 2,100. சவ்வு வழியே நீரை வடிகட்டும் ஆர்.ஓ. 85 சதவீதத்தை நல்ல நீராகத் திருப்பித் தந்தாலும், ‘ரிஜெக்ட்’ என்று மிஞ்சும் 45,000 லிட்டர் உப்பு நீரில் ஏறக்குறைய அத்தனை உப்பும் இருக்கும். அது கடல் நீரைவிடக் கரிப்பு.

சிக்கல் தொடங்குவது இந்த ரிஜெக்டில்தான். ஒரு பகுதியைச் சுத்தம் செய்து மறுபடி சாயத் தொட்டிக்கே அனுப்பலாம். மீதியை எவாப்பரேட்டரில் காய்ச்ச வேண்டும். ஒரு கட்டத்து ஆவியே அடுத்த கட்டத்தைச் சூடாக்கும் நான்கு கட்ட எவாப்பரேட்டரில் ஒரு டன் நீராவி சுமார் மூன்றரை டன் நீரை ஆவியாக்கும். ஒரு கிலோ விறகு சுமார் மூன்று கிலோ நீராவி தரும். 40,000 லிட்டரைக் காய்ச்ச நாளுக்கு 4 டன் அளவில் விறகு எரிய வேண்டும். இதற்கிடையில் கடினத்தன்மையும் சிலிக்காவும் சரியாக நீக்கப்படாத நீர் வந்தால் எவாப்பரேட்டர் குழாய்களில் செதில் படிந்து ஓட்டம் பாதியாகும். ரிஜெக்ட் தொட்டி நிரம்பும். வெளியே மழையும் பெய்தால், வால்வைத் திறக்கும் ஆசை அங்கே பிறக்கிறது. விறகு பில்லையும் எவாப்பரேட்டரின் நீர்க் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே எத்தனை நாள் அது உண்மையில் ஓடியது என்று தெரியும்.

சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் திருப்பூர்ப் பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகு, பல பட்டறைகளின் கழிவுநீரைச் சேர்த்துச் சுத்திகரிக்கும் 18 பொது சுத்திகரிப்பு நிலையங்களும், கழிவுநீரை வெளியே விடவே விடாத பூஜ்ய வெளியேற்றத்துக்கு மாற வேண்டியிருந்தது. நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்குக் கட்டப்பட்டு உப்புத் தொட்டியாகிப் போனதை இந்தப் பக்கத்து விவசாயிகள் மறக்கவில்லை. சாதா உப்பிலிருந்து கிளாபர் உப்புக்கு (சோடியம் சல்பேட்) பல பட்டறைகள் மாறின. மீட்டெடுப்பது எளிது என்பதால் அது நல்ல மாற்றமே. ஆனால் இரண்டிலும் சோடியம் உண்டு. களிமண்ணை இறுக்கி நீர் இறங்காமல் செய்வது சோடியம்தான். தப்பி வெளியேறினால் வயலுக்கு இரண்டும் கேடு.

மீட்டரிலும் ஒரு ஓட்டை உண்டு. நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் உப்பை எடை போடுவதில்லை. மின்கடத்துத்திறனை அளந்து ஒரு எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது. சாதா உப்புக்கு அந்த எண் 0.5-ஐ ஒட்டி இருக்கும். நீர்த்த நிலையில் கிளாபர் உப்புக்கு 0.7-ஐ நெருங்கும். எனவே லிட்டருக்கு 2,100 மி.கி. கிளாபர் உப்புள்ள நீரை, சாதா உப்புக்குத் திருத்திய மீட்டர் 1,500-1,600 அளவில் காட்டி நல்ல பிள்ளை ஆக்கிவிடும். மாதம் ஒருமுறையாவது அதே நீரை வடிகட்டி, 180 டிகிரியில் உலர்த்தி எடை பார்த்து, மீட்டர் எண்ணோடு ஒப்பிட வேண்டும். மின்கடத்துத்திறன் 1,413 மைக்ரோசீமன்ஸ் என்று முன்பே தெரிந்த நிலைத்திரவத்தில் முக்கிச் சரிபார்த்த தேதியையும் மீட்டர் பக்கத்திலேயே எழுதி ஒட்டலாம்.

உப்புக் கணக்கு என்று நாங்கள் கேட்பது பெரிய வேலை அல்ல. ஜி.எஸ்.டி. பில்படி வாங்கிய உப்பு, ஒவ்வொரு சாய வேலைக்கும் எழுதும் ஜாப் கார்டுபடி துணிக்குப் போட்ட உப்பு, மீட்டெடுத்த உப்பு, திரும்பப் பயன்படுத்த முடியாமல் கிடங்கில் கிடக்கும் கலப்பு உப்பு, ஸ்லட்ஜோடு (கழிவுச் சேறு) போனது. மீட்பு ஒழுங்காக நடக்கும் பட்டறை புதிய உப்பைக் கொஞ்சமாகத்தான் வாங்கும். மீட்டதாகவும் எழுதி, முழு அளவு புதிதாகவும் வாங்கினால் கேள்வி கேட்க வேண்டிய இடம் அதுதான். பொது நிலைய உறுப்பினர் என்றால், அவர் வாங்கிய உப்பை அவர் குழாயில் நிலையத்துக்கு வந்த உப்போடு ஒப்பிட வேண்டும். சாயமேற்றும்போது போடும் சோடா ஆஷும் (சலவைச் சோடா) அமிலமும் சேர்ந்து தரும் உப்பையும் கூட்டிக்கொள்ளலாம். அதனால் வரவு சற்றே ஏறும், குறையாது.

ஒரு எச்சரிக்கை. குளிரூட்டிப் படிய வைத்த கிளாபர் உப்பின் எடையில் 56 சதவீதம் தண்ணீர். கடையில் வாங்குவது பெரும்பாலும் நீரற்ற உப்பு. ஈரப் படிகத்தை அப்படியே எடை போட்டு “ஒரு டன் மீட்டோம்” என்று எழுதினால் உண்மையில் மீட்டது 440 கிலோ. எல்லாவற்றையும் நீரற்ற எடைக்கு மாற்றிய பிறகே கழிக்க வேண்டும்.

பொதுமக்கள் பாட்டிலில் பிடித்து வரும் நீர் நீதிமன்றத்தில் நிற்காது. 1974-ஆம் ஆண்டுத் தண்ணீர்ச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, அறிவிப்புக் கொடுத்து, மாதிரியை இரண்டாகப் பிரித்து, முத்திரையிட்டு எடுக்கச் சொல்கிறது. அதிகாரி வந்து சேர்வதற்குள் தண்ணீர் வெகுதூரம் போயிருக்கும். பில்லும் பதிவேடும் ஓடிப்போகாது. ஆகவே மாசு கட்டுப்பாடு வாரியம் அதே சட்டத்தின் 25-ஆம் பிரிவில் பட்டறைக்குத் தரும் இசைவாணையிலேயே (அனுமதி ஆணை) மாதாந்திர உப்புப் பதிவேட்டை நிபந்தனையாக்கி, அதைத் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும். ஆய்வுக்கு வரும் பொறியாளர் முதலில் கலப்பு உப்புக் கிடங்குக்குப் போய் மூட்டைகளை எண்ணட்டும். கூரை ஒழுகுகிறதா, தரையிலிருந்து வெளியே ஓடை ஏதும் போகிறதா என்றும் பார்க்கட்டும். பல ஆண்டுகளாக அடுக்கி வைத்த உப்பு அங்கிருந்தும் கரைந்து போக முடியும்.

இப்படிக்கு,
சாயக்கழிவுநீர்ச் சுத்திகரிப்புப் பணியில் இருந்தவர்கள்,
திருப்பூர்.