பச்சை விளக்கில் பஸ்ஸுக்கும் ஒரு பங்கு: சென்னைப் போக்குவரத்துக் காவல்துறைக்கு ஒரு திறந்த மடல்

பெருநகர சென்னை காவல்துறையின் போக்குவரத்துப் பிரிவுக் கூடுதல் ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம்.

பஸ் தாமதமானால் மாநகர் போக்குவரத்துக் கழகத்தைத் திட்டுவது இந்த ஊர் வழக்கம். எனக்கும் அந்த வழக்கம் உண்டு. இந்த முறை தங்களுக்கு எழுதக் காரணம் இருக்கிறது. பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் போகும் 29சி எப்போது கிளம்பவேண்டும் என்பதைப் பணிமனையில் தீர்மானிக்கிறார்கள். எப்போது போய்ச் சேரும் என்பதை வழிநெடுக நிற்கும் சிக்னல் கம்பங்கள் தீர்மானிக்கின்றன. பஸ் அவர்களுடையது, பச்சை விளக்கு உங்களுடையது.

கேட்க வந்தது சிறிய விஷயம்தான். நகரின் முக்கியச் சாலைகளில், சிக்னலை நெருங்கும் மாநகரப் பஸ்ஸுக்குச் சில நொடிகள் முன்னுரிமை கொடுங்கள். பச்சை அணையப் போகும் நேரத்தில் பஸ் கிட்டே வந்துவிட்டால், பச்சையை ஏழெட்டு நொடி நீட்டலாம். சிவப்பில் பஸ் காத்திருந்தால், அடுத்த பச்சையைக் கொஞ்சம் முன்னதாகவே கொடுக்கலாம். சைரன் வைத்த வண்டிக்குச் செய்வதுபோல் ஊரையே நிறுத்திவைக்கச் சொல்லவில்லை.

அதைச் செய்யவும் உங்கள் துறைக்குத் தெரியும். 2008 செப்டம்பரில், மூளைச்சாவு அடைந்த ஒரு சிறுவனின் இதயம் தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்கு 11 நிமிடங்களில் போய்ச் சேர்ந்தது. வழிநெடுகக் காவலர்கள் நின்று சாலையைத் திறந்துவிட்டதை இந்த ஊர் இன்னும் பெருமையோடு சொல்லிக்கொள்கிறது. முக்கியப் பிரமுகர்களின் வண்டிகளுக்கும் சிக்னல் வழிவிடுகிறது; அதைப் பற்றி எனக்கு வேறு அபிப்பிராயம் உண்டு, இங்கே வேண்டாம். ஆக, முன்னுரிமை என்பது சென்னை சிக்னல்களுக்குப் புதிய பழக்கம் அல்ல. முன்னுரிமை பெறுவோர் பட்டியலில் பஸ் இல்லை, அவ்வளவுதான்.

ஏன் இல்லை என்று யோசித்தால், சிக்னல் எதை எண்ணுகிறது என்ற கேள்விக்கு வந்து சேர வேண்டியிருக்கிறது. எந்தப் பக்கத்துக்கு எத்தனை நொடி என்று பொறியாளர்கள் கணக்கிடும்போது, எல்லா வண்டிகளையும் காராக மாற்றிக்கொள்கிறார்கள். இருசக்கர வண்டி ஏறத்தாழ அரைக் கார். பஸ் ஏறத்தாழ மூன்று கார். இந்தக் கணக்கு அளப்பது சாலையில் அடைபடும் இடத்தை. வண்டிக்குள் இருக்கும் ஆட்களை அல்ல. காலை ஒன்பது மணிக்குப் படிக்கட்டு வரை ஆள் தொங்கும் பஸ்ஸும், இரவில் பணிமனைக்குத் திரும்பும் காலிப் பஸ்ஸும் அதற்கு ஒன்று. அறுபது பேரைச் சுமந்துவரும் பஸ்ஸும், ஆளுக்கொன்றாக மூன்று பேர் ஓட்டிவரும் மூன்று கார்களும் அதற்கு ஒன்று. பஸ் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதற்குக் கணக்கு வைத்திருக்கிறோம், எவ்வளவு இடத்தை மிச்சப்படுத்துகிறது என்பதற்குக் கணக்கே இல்லை.

இப்போது ஈ.வெ.ரா. பெரியார் சாலையில், வண்டி வரத்தைப் பார்த்து நேரத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் சிக்னல்களை நிறுவியிருக்கிறீர்கள். ஜப்பான் அரசின் ஜைக்கா நிறுவனம் தரும் கடனுதவியோடு நகரின் மற்ற பெரிய சந்திப்புகளுக்கும் அவை வரவிருக்கின்றன. வரவேற்கிறேன். ஆனால் இந்தப் புதிய கருவியும் வண்டிகளை மட்டுமே எண்ணுமானால், பழைய அநியாயத்தை இன்னும் துல்லியமாகச் செய்யும்.

கருவி தவறினால் காவலர் சரிசெய்வார் என்று நினைக்கவும் வழியில்லை. மாலை நெரிசலில் பெரிய சந்திப்புகள் பலவற்றில் தானியங்கியை நிறுத்திவிட்டுக் காவலரே இயக்குவதைப் பார்க்கிறோம். நடைபாதை ஓரத்துப் பெட்டியின் கதவைத் திறந்துவைத்து, பொத்தான் அருகே கையை வைத்தபடி நான்கு பக்கமும் பார்த்துக்கொண்டு நிற்பார். ஹாரன் சத்தம் எந்தப் பக்கம் வலுக்கிறதோ அந்தப் பக்கம் அவர் தலை திரும்பும். சற்று நேரத்தில் விளக்கும் மாறும். பஸ்ஸுக்குள் இருப்பவர்களுக்கு ஹாரன் கிடையாது. அறுபது பேருக்கும் சேர்த்து ஓட்டுநரிடம் ஒன்றே ஒன்று இருக்கிறது. பக்கத்தில் அறுபது மோட்டார் சைக்கிள் நின்றால் அறுபது ஹாரன். இந்தப் போட்டியில் பஸ் ஜெயித்து நான் பார்த்ததில்லை. புகையிலும் வெயிலிலும் நிற்கும் அந்தக் காவலரை நான் குறை சொல்லமாட்டேன். நீளமான வரிசையைக் கரைப்பதுதான் அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை. எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று பார்க்கும்படி யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

பஸ் வருவது சிக்னலுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கலாம். எனக்கே தெரிகிறதே! மாநகரப் பஸ்களில் ஜிபிஎஸ் இருக்கிறது. 2022இல் ‘சென்னை பஸ்’ செயலி வந்தது, 2025இல் ‘சென்னை ஒன்’ வந்தது. நிறுத்தத்தில் நிற்கும் பாட்டிக்குப் பேரன் கைபேசியைப் பார்த்து, பஸ் எந்த நிறுத்தத்தைத் தாண்டிவிட்டது என்று சொல்கிறான். அந்தச் சேதி சிக்னல் கட்டுப்பாட்டு அறைக்கும் போகவேண்டும், இன்னும் குறைந்த இடைவெளியில், இன்னும் துல்லியமாகப் போகவேண்டும். லண்டனில் இப்படித்தான் செய்கிறார்கள். 2009வாக்கில் அங்கே எல்லா நகரப் பஸ்களிலும் ஐபஸ் என்ற கருவியைப் பொருத்தி முடித்தார்கள். சந்திப்புக்கு எவ்வளவு தூரத்தில் பஸ்ஸைக் கண்டுகொள்ள வேண்டும் என்பதைக் கணினியிலேயே குறித்துவிடுகிறார்கள். அதற்காகச் சாலையைத் தோண்டுவதில்லை. தோண்டாமல் செய்யக்கூடிய வேலை என்பதே சென்னையில் ஒரு பெரிய தகுதி.

லண்டன் வேறு, நாம் வேறு என்பார்கள். லாஸ் ஏஞ்சலஸைப் பாருங்கள். காருக்கென்றே கட்டிய ஊர். 2000ஆம் ஆண்டு ஜூனில் வில்ஷயர், வெஞ்சுரா ஆகிய இரண்டு பெரிய நகரச் சாலைகளில் விரைவுப் பஸ் விட்டபோது சிக்னல் முன்னுரிமையும் சேர்த்துக் கொடுத்தார்கள். பயண நேரம் ஏறத்தாழ கால் பங்கு குறைந்தது. அந்தக் குறைவில் மூன்றில் ஒரு பங்குக்குச் சிக்னல் காரணம். மீதி நிறுத்தங்களைக் குறைத்ததால் கிடைத்தது. எல்லாம் விளக்கால் வந்தது என்று நான் கதை விடவில்லை. எனக்குப் பிடித்த அம்சம் வேறு: பின்தங்கி ஓடும் பஸ்ஸுக்கு மட்டுமே அங்கே நொடிகள் கிடைத்தன. இது நமக்கு அப்படியே பொருந்தும். அரை மணி நேரம் ஒரு பஸ்ஸும் வராமல் பிறகு ஒரே எண்ணில் மூன்று சேர்ந்து வருவதைச் சென்னைவாசிகள் எல்லோரும் அனுபவித்திருக்கிறோம். ஒரு பஸ் இரண்டு சிக்னலில் மாட்டித் தாமதமானால், அடுத்த நிறுத்தத்தில் கூடுதல் ஆட்கள் சேர்ந்திருப்பார்கள், ஏற்றுவதற்கு நேரம் பிடிக்கும், இன்னும் தாமதமாகும். பின்னால் வருவதற்கு ஆளே இருக்காது. அது ஓடிவந்து முன்னதை ஒட்டிக்கொள்ளும். பின்தங்கியதற்குச் சிக்னலில் கைகொடுத்தால் இந்தச் சங்கிலி ஆரம்பத்திலேயே அறும்.

சுவிட்சர்லாந்தின் சூரிச்சையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். 1973இல் சுரங்க ரயில் வேண்டாம் என்று வாக்களித்த ஊர் அது. 1977இல், இருக்கிற டிராமையும் பஸ்ஸையும் தடையில்லாமல் ஓடவிட 200 மில்லியன் பிராங்க் ஒதுக்கச் சொல்லி மக்கள் வாக்களித்தார்கள். இன்று அங்கே டிராமுக்காகத்தான் சிக்னல் காத்திருக்கிறது.

பஸ் மட்டும் போகும் தனித்தடம் கேட்காமல் ஏன் சிக்னலைப் பிடித்துக்கொண்டிருக்கிறாய் என்று சில நண்பர்கள் கோபிக்கிறார்கள். தனித்தடமும் வேண்டும்தான். டெல்லியில் 2008இல் திறந்த தடத்தை 2016இல் இடித்துத் தள்ளினார்கள். பெங்களூர் வெளிவட்டச் சாலையில் 2019இல் ஒதுக்கிய தடம் மெட்ரோ வேலையில் கரைந்துபோனது. சென்னையில் அந்தப் பேச்சு எழுவதும் அடங்குவதுமாக இருக்கிறது. சாலையில் ஒரு துண்டை யாரிடமிருந்தும் பறிக்காமல் நாளைக்கே தொடங்கக்கூடியது சிக்னல் மட்டும்தான்.

சிக்கல்கள் இல்லாமல் இல்லை. நம் சிக்னல்களில் நொடி எண்ணும் பலகை இருக்கிறது. மூன்று, இரண்டு, ஒன்று என்று வந்தபின் பச்சையை நீட்டினால் பலகை பொய் சொல்லும்; எதிர்ப்பக்கத்தில் பூஜ்யத்தைப் பார்த்துப் பாய்ந்து பழகியவர்கள் சிவப்பிலேயே கிளம்பிவிடுவார்கள். முன்னுரிமை தரும் சந்திப்புகளில் இந்தப் பலகையை அணைத்துவைக்க வேண்டியிருக்கும். கூச்சல் எழும். சில வாரத்தில் பழகிவிடும்.

நம் சாலையில் பஸ் எப்போதும் வரிசையின் முன்னால் நிற்பதில்லை. நிறுத்தக் கோட்டைத் தாண்டி இருசக்கர வண்டிகள் அடைத்துக்கொண்டிருக்கும், அதன் பின் ஆட்டோக்கள், கார்கள், அதற்கும் பின்னால் பஸ். எனவே கோட்டருகே வந்தபின் கண்டுகொண்டு பயனில்லை. 150, 200 மீட்டர் முன்பே கண்டுகொண்டு, முன்னால் நிற்பவற்றையும் சேர்த்துக் கழிக்கும் அளவுக்குப் பச்சை வேண்டும். அதே சாலையில் போகும் கார்களுக்கும் இதனால் லாபம்தான். அதற்காக அவர்கள் நன்றி சொல்லப்போவதில்லை.

பஸ் நிறுத்தம் சந்திப்புக்கு முன்னால் இருந்தால் மொத்த ஏற்பாடும் பாழ். பஸ்ஸுக்காகப் பச்சையை நீட்டுவோம். பஸ்ஸோ நிறுத்தத்தில் ஆள் ஏற்றிக்கொண்டிருக்கும். நடத்துநர் விசில் கொடுக்கும்போது சிவப்பு விழும். இத்தகைய நிறுத்தங்களைச் சந்திப்பு தாண்டிய பக்கத்துக்கு மாற்றவேண்டும். அது கழகமும் மாநகராட்சியும் செய்யவேண்டிய வேலை. ஒருங்கிணைக்கத்தானே கும்டா என்ற சென்னைப் பெருநகர ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமம் இருக்கிறது.

இரண்டு பக்கமும் பஸ் வந்தால்? அதிகம் பின்தங்கியதற்கு முதலில். குறுக்குச் சாலைக்காரர்களுக்குக் குறைந்த நொடிகளை? அடுத்த சுற்றில் திருப்பிக் கொடுத்துவிடலாம். எல்லாப் பக்கமும் முட்டி நிற்கும் உச்ச நெரிசலில் இதன் பலன் குறைவாகத்தான் இருக்கும், அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. பஸ்ஸுக்குக் கொடுக்கும் நொடிகளைப் பாதசாரிகளிடமிருந்து எடுக்காதீர்கள். பஸ் பயணி பஸ்ஸில் ஏறுவதற்கு முன்னும் இறங்கிய பின்னும் பாதசாரிதான். ஏற்கெனவே கைப்பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓடித்தான் சாலையைக் கடக்கிறார்கள்.

சில நொடிகளில் என்ன ஆகிவிடப் போகிறது என்பவர்களுக்காக ஒரு கணக்குப் போடுகிறேன். ஒரு பஸ் வழித்தடத்தில் போய்வர 150 நிமிடம் ஆகிறது என்றும் பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் என்றும் வைத்துக்கொள்வோம். அதற்கு 15 பஸ் வேண்டும். ஒரு வழியில் பதினைந்து சிக்னல், ஒவ்வொன்றிலும் சராசரியாக 20 நொடி மிச்சம் என்றால் போகும்போது ஐந்து நிமிடம், வரும்போது ஐந்து நிமிடம். சுற்று 140 நிமிடமாகிறது. அதே பத்து நிமிட இடைவெளிக்கு 14 பஸ் போதும். பதினைந்தாவது பஸ் சும்மா கிடைக்கிறது. அதற்கு ஓட்டுநர், நடத்துநர் சம்பளமும் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. புதுப் பஸ் வாங்க எத்தனை டெண்டர், எத்தனை கோப்பு என்பது அரசுக்குத் தெரியும்.

2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. முகப்பில் இளஞ்சிவப்பு வண்ணம் பூசிய அந்தப் பஸ்களில் காலையில் ஏறிப் பாருங்கள். நான்கு வீட்டில் வேலை முடிக்கவேண்டியவர், துணிக்கடையில் பத்து மணிக்குள் கையெழுத்துப் போடவேண்டியவர், மருத்துவமனைத் துப்புரவுப் பணிக்குப் போகிறவர் நிற்பார்கள். டிக்கெட் காசு மிச்சமாகிறது. தாமதமாகப் போனதற்குப் பிடிக்கும் அரை நாள் சம்பளம் அதைவிட அதிகம்.

மெட்ரோ இரண்டாம் கட்ட வேலை முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று பதில் வரலாம் என அஞ்சுகிறேன். வேலை முடியும் இடங்களில் சாலையைத் திரும்பப் போடுகிறார்கள், கம்பங்களைத் திரும்ப நடுகிறார்கள், கருவிகளைப் புதிதாக வாங்குகிறார்கள். பஸ்ஸைக் கண்டுகொள்ளும் வசதி வேண்டும் என்று இப்போதே ஒப்பந்தத்தில் எழுதுவது எளிது. நட்டபின் மாற்றுவதற்கு இன்னொரு ஒப்பந்தம், இன்னொரு பள்ளம்.

நகரம் முழுவதும் ஒரே நாளில் செய்யுங்கள் என்று கேட்கவில்லை. ஈ.வெ.ரா. பெரியார் சாலையையே எடுத்துக்கொள்ளுங்கள். புது சிக்னல் இருக்கிறது, 15பி போன்ற பஸ்கள் நாள் முழுவதும் ஓடுகின்றன. ஆறு மாதம் நடத்திப் பாருங்கள். தொடங்கும் முன்பு பஸ் எவ்வளவு நேரம் எடுத்தது, பிறகு எவ்வளவு, குறுக்குச் சாலைகளில் காத்திருப்பு எவ்வளவு கூடியது என்ற மூன்று எண்களையும் மாதாமாதம் வெளியிடுங்கள். சாதகமில்லாவிட்டாலும் வெளியிடுங்கள். ஆறு மாதமும் அந்தச் சந்திப்புகளில் பொத்தானைத் தொடவேண்டாம் என்று காவலர்களுக்கு எழுத்தில் உத்தரவு கொடுங்கள். இல்லாவிட்டால் நாம் சோதிப்பது கருவியை அல்ல, ஹாரனை.

இப்படிக்கு,
ஒரு மாநகரப் பஸ் பயணி

நகல்: மாநகர் போக்குவரத்துக் கழக மேலாண்மை இயக்குநர், பெருநகர சென்னை மாநகராட்சி ஆணையர் (நிறுத்தங்களை நகர்த்துவது பற்றிய பத்தி தங்கள் இருவருக்கும்), கும்டா உறுப்பினர் செயலர் (அந்த இருவரையும் ஒரே அறையில் உட்காரவைப்பது தங்களுக்கு).