யாழினியின் கண்ணாடி

அன்புள்ள முருகேசா,

இங்கு அனைவரும் நலம். இத்தனை நாள் எழுதாததற்குப் பரமசிவம் சார் பாணியில் நீ என்னைத் திட்டலாம். அதை நேரில் வைத்துக்கொள்வோம்.

என் மகள் யாழினியின் கண்ணாடிப் பவரை முதன்முறையாக அரை எண் குறைத்திருக்கிறார்கள். அந்த மகிழ்ச்சியைப் பகிர உட்கார்ந்தால், உன் மகனுக்கு மாறுகண்ணுக்காக எழுதிக் கொடுத்த கண்ணாடி பீரோவுக்குள் கிடப்பதாகச் சரவணன் சொன்னது மனத்தை உறுத்துகிறது. மாறுகண் அதிர்ஷ்டம் என்கிறார்களாம் அம்மா. அவர்கள் சுட்ட அதிரசம் தின்று வளர்ந்த எனக்கு அவர்களை எதிர்த்துப் பேச வாய் வராது. ஆனால் உன்னோடு தாராளமாகச் சண்டை போடுவேன்.

பிளஸ் பவர், அதாவது தூரப்பார்வை, அதிகமுள்ள குழந்தை தெளிவாகப் பார்ப்பதற்குக் கண்ணுக்குள் உள்ள லென்ஸை ஓயாமல் குவிக்க வேண்டியிருக்கிறது. அப்படிக் குவிக்கும்போதெல்லாம் கண்கள் மூக்குப் பக்கம் திரும்புவது இயற்கை. டச்சு மருத்துவர் டான்டர்ஸ் 1864-லேயே இதை விளக்கிவிட்டார். கண்ணாடி அந்த வேலையைத் தான் ஏற்றுக்கொள்வதால் கண் நேராகிறது. கழற்றினால் முன்னைவிட அதிகம் திரும்புகிறதே என்று உன் மனைவி அஞ்சுவது நியாயம்தான். யாழினி குளித்துவிட்டு வரும்போது வலக்கண் மூக்கோரம் ஒதுங்கியிருக்கும், கண்ணாடியை மாட்டியதும் நேராகிவிடும். தெளிவுக்குப் பழகிய பிள்ளை, கண்ணாடி இல்லாதபோதும் அதே தெளிவுக்காக முயல்வதால்தான் அப்படி ஆகிறது. கண்ணாடி எதையும் கெடுக்கவில்லை.

தூரப்பார்வை ஆறேழு வயது வரை கூடவும் செய்யலாம். பிறகு விழி வளர வளர மெல்லக் குறையும். அப்போது கண்ணின் குவிப்பைத் தளர்த்தும் சொட்டு மருந்து விட்டு அளந்து, அரை அரை பவராகக் குறைத்து, கண் நேராக நிற்கிறதா, இரு கண்ணும் சேர்ந்து பார்க்கின்றனவா என்று சோதித்த பின்னரே அடுத்த படிக்குப் போகிறார்கள். கண் திரும்பினால் பழைய பவரே திரும்ப வரும். யாழினிக்குக் கறுப்புக் கண்ணாடி அணிவித்து ஓர் ஈயின் படத்தைக் காட்டினார்கள். தாளுக்கு மேலே, வெறும் காற்றில், சிறகைக் கிள்ள அவள் விரல்கள் குவிந்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. இரு கண்ணும் சேர்ந்து பார்த்தால்தான் அந்தச் சிறகு மேலெழுந்து தெரியுமாம். அவளுக்கு இன்னும் நான்கு பவர் இருக்கிறது. முழுவதும் விடுபடுவாள் என்று மருத்துவர் வாக்குத் தரவில்லை. பவர் குறைவான பிள்ளைகளுக்கே அந்த வாய்ப்பு அதிகம்.

கண்ணாடியைக் கழற்ற வைக்கும் கண் பயிற்சி என்ற விளம்பரங்களில் பணத்தைக் கொட்டாதே. பயிற்சியால் இந்தப் பவர் இறங்காது. அதைவிடப் பெரிய கவலை எனக்கு வேறு. திரும்பிய கண்ணை மூளை ஒதுக்கத் தொடங்கினால் அது சோம்பேறிக் கண்ணாகிவிடும். ஏழெட்டு வயது தாண்டத் தாண்ட அதை மீட்பது கடினம். உன் பையனுக்கு நான்கு வயதாகிவிட்டது, முருகேசா.

இன்றே பீரோவைத் திற. தூங்கும் நேரம் தவிர எப்போதும் அவன் அதை அணியட்டும். சீட்டிலுள்ள பவர், அட்ரோபின் என்ற அந்த வகைச் சொட்டு மருந்து போட்டு அளந்ததுதானா என்று பார்த்து எனக்கு எழுது. அம்மாவிடம் பேச நான் வர வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமையே புறப்படுகிறேன்.

அன்புடன்,
செல்வம்