பதினான்காவது தீர்மானத்தை முதலில் எடுங்கள்: கோட்டச் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அஞ்சல் ஊழியர் சங்கக் கோட்டச் செயலாளர் அண்ணனுக்கும், கிளைப் பொறுப்பாளர்களுக்கும், சந்தாவை மட்டும் ஒழுங்காகக் கட்டிவிட்டுக் கூட்டத்துக்கு வராமல் நழுவும் என் போன்றவர்களுக்கும் வணக்கம்.

மாநாட்டு அழைப்பிதழ் கைக்கு வந்தது. வழவழ காகிதம், நான்கு வண்ணம், பதினொரு பேர் படம். சரி, அது இருக்கட்டும், மாநாடு என்றால் கொஞ்சம் பகட்டு வேண்டும்தான். பின்பக்கம் பொடி எழுத்தில் தீர்மானங்கள். கிராம அஞ்சல் ஊழியர்களாகிய (ஜிடிஎஸ்) நமக்கு அரசு ஊழியர் அந்தஸ்து, எட்டாவது ஊதியக் குழுவின் வரம்புக்குள் நம்மையும் கொண்டுவருவது, ஓய்வூதியம், எட்டு மணி நேர வேலை என்று வரிசையாகப் போய், பதினான்காவதாக ‘விடுப்பு, பதிலி பிரச்சினைகள்’ என்று மூன்றே சொல். பதிலி என்றால் நாம் விடுப்பில் போகும்போது நம் இடத்தில் உட்காரும் ஆள். இந்த மடல் அந்த மூன்று சொல்லைப் பற்றித்தான்.

நான் புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கிளை அஞ்சலகத்தில் பிபிஎம், அதாவது கிளை போஸ்ட்மாஸ்டர். உதவிக்கு ஏபிபிஎம் கிடையாது, ஒற்றை ஆள் ஆபீஸ். காலையில் முத்திரையில் தேதி மாற்றுவது, பை பிரிப்பது, ஆர்டி பணம் வாங்குவது, மத்தியானம் வண்டியை எடுத்துக்கொண்டு தபால் கொடுக்கப் போவது எல்லாம் ஒரே ஆள்தான். ஆபீஸ் என்பது எங்கள் வீட்டு முன்னறை. அதற்குத் தரும் படி கரண்ட் பில்லுக்கே சரியாகிவிடும், அந்தக் கதை இப்போது வேண்டாம்.

போன தை மாதம் என் அப்பா இறந்துபோனார். ராத்திரி பதினொன்றரைக்குத் தகவல் வந்தது. அம்மா வீடு நாற்பது கிலோமீட்டர். உடனே கிளம்பியிருக்க வேண்டும், ஆனால் சாவி, பணம், கைரேகை வைத்துப் பணம் கொடுக்கும் டிவைஸ் எல்லாம் என்னிடம், மறுநாள் முதியோர் பணம் வாங்க ஆட்கள் வருவார்கள். விடியற்காலையில் மேலதிகாரிக்குப் போன் செய்து சொன்னேன். “அடடா, எப்பம்மா?” என்று கேட்டுவிட்டு, அடுத்த மூச்சில் “பதிலுக்கு யாரை வைக்கிறீங்க?” என்றார். அவரைக் குறை சொல்லவில்லை, நல்ல மனிதர்தான், அவர் கேட்டாக வேண்டிய கேள்வி அது. ஆனால் அப்பா செத்த வீட்டுக்குப் போக வேண்டிய பெண் ஏன் தெருத்தெருவாக ஆள் தேட வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

எதிர்த் தெருவில் காலேஜ் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கும் ஒரு பையன். அவனை எழுப்பி, குளிக்கச் சொல்லி, எட்டரை மணிக்கு உட்காரவைத்துப் பணத்தை எண்ணி ஒப்படைத்தேன். ஐந்நூறு ரூபாய்த் தாள்களை மூன்று தடவை எண்ணினேன், மூன்று தடவையும் வேறு வேறு கணக்கு வந்தது, கண்ணில் நீர் நின்றால் எண்ண முடியாது. அண்ணன் விடாமல் போன் செய்துகொண்டே இருந்தான். நான் போய்ச் சேர்ந்தபோது பாடை கட்டி முடித்திருந்தார்கள். முகம் பார்த்தேன், அவ்வளவுதான். பெண்கள் சுடுகாட்டுக்குப் போகிற வழக்கம் எங்கள் பக்கம் இல்லை, ஆகவே அப்பாவோடு எனக்குக் கிடைத்தது அந்தக் கால் மணி நேரம்.

மூன்றாம் நாளே திரும்பிவிட்டேன். பையனுக்கு டிவைஸ் பிடிபடவில்லை, கைரேகை விழாத கிழவிகளை எல்லாம் “அக்கா வந்ததும் வாங்க” என்று அனுப்பியிருந்தான். எனக்கு அவன் மேல் கோபம் வரவில்லை. நூறு நாள் வேலையிலும் நாற்று நடவிலும் தேய்ந்த விரல் அவ்வளவு சுலபத்தில் விழாது. ஈரத்துணியால் துடைத்து, முந்தானையில் ஒற்றி, கட்டைவிரல் விழாவிட்டால் ஆள்காட்டி விரல், அதுவும் விழாவிட்டால் இடது கை என்று போவதற்கு ஒரு பழக்கம் வேண்டும். இரண்டு நாளில் யாருக்கும் வராது. அவனுக்குச் சேர வேண்டிய கூலி பில் பாஸாகி வந்தது நான்கு மாதம் கழித்து. அதுவரை பையனைக் காத்திருக்கச் சொல்ல முடியுமா? என் கையிலிருந்து கொடுத்தேன்.

ஆகஸ்ட் மாதக் கிளைக் கூட்டத்தில் இதைச் சொன்னேன், ஞாபகம் இருக்கும். மேடையிலிருந்த தோழர் ஒருவர் “இது லோக்கல் பிரச்சினைம்மா, எழுதிக் கொடுங்க, பேசிக்கலாம்” என்றார். எழுதிக் கொடுத்தேன். அது சுருங்கி மூன்று சொல்லாகி, பதினான்காம் இடத்துக்கு வந்து நிற்கிறது.

இதை வைத்து ‘சங்கமே தண்டம்’ என்று நான் சொல்லப்போவதாக யாரும் நினைக்க வேண்டாம். வாட்ஸ்அப் குழுவில் புதுப் பிள்ளைகள் சிலர் அப்படி எழுதுகிறார்கள், அவர்களோடு சண்டை போடுகிற ஆள் நான். 2018 மே 22-ஆம் தேதி தொடங்கிய வேலைநிறுத்தத்தில் தலைமை அஞ்சலகத்துக்கு எதிரில் உட்கார்ந்தவள் நான். கத்திரி வெயில், மேலே ஒரு கிழிந்த சாமியானா, குடிக்க வீட்டிலிருந்து கொண்டுபோன மோர். முதல் நாள் சாயங்காலம்தான் தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டுச் செய்தி வந்தது. பந்தலில் யாரும் பேசவில்லை. மறுநாள் பேப்பரில் நம் போராட்டச் செய்தியைத் தேட எனக்கு மனம் வரவில்லை. அப்புறம் பதினாறு நாள். நம் சம்பளத்தை ஆராய அமைத்த கமலேஷ் சந்திரா கமிட்டி அறிக்கை கொடுத்தது 2016 நவம்பரில், அதைத் தூசி தட்டி மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது 2018 ஜூன் 6-ஆம் தேதி. இடையில் ஒன்றரை வருஷம் கோப்பு தூங்கியது, நாம் வெயிலில் உட்கார்ந்த பிறகுதான் விழித்தது. நான்கு மணி நேர பிபிஎம்முக்குப் பன்னிரண்டாயிரம் என்ற அடிப்படைச் சம்பளம் அப்படி வந்ததுதான். இன்றைக்குச் சேர்ந்து முதல் மாதமே அதை வாங்கும் பிள்ளைகளுக்கு இது தெரிய வேண்டும், தெரியாமல் இருப்பது அவர்கள் தப்பு மட்டும் இல்லை, நாமும் சொல்லவில்லை.

அதே சமயம், வாங்கியதை எல்லாம் வெற்றி என்று போஸ்டர் அடிப்பதையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். 2024 மார்ச்சில் நிதி மேம்பாட்டுத் திட்டம் வந்தது. பன்னிரண்டு வருஷம் முடித்தவர்களுக்கு ஆண்டுக்கு 4,320 ரூபாய், இருபத்து நான்கு வருஷத்துக்கு 5,520, முப்பத்தாறு வருஷத்துக்கு 7,200. நம் குழுவில் பட்டாசுப் படங்கள் பறந்தன. நான் காலண்டர் அட்டையின் பின்பக்கம் வகுத்துப் பார்த்தேன். 4,320 என்றால் மாதம் 360, ஒரு நாளைக்குப் பன்னிரண்டு ரூபாய். பன்னிரண்டு வருஷ உழைப்புக்கு நாளொன்றுக்குப் பன்னிரண்டு ரூபாய், வருஷத்துக்கு ஒரு ரூபாய் கணக்கு. எங்கள் ஊர் டீக்கடையில் அதற்கு ஒரு டீ வரும், வடை வராது.

பெரிய கோரிக்கைகளை விட்டுவிடச் சொல்லவில்லை. 1977-லேயே உச்ச நீதிமன்றம் ராஜம்மா வழக்கில் ஈடி (எக்ஸ்ட்ரா டிபார்ட்மென்டல், அப்போது நமக்கு இருந்த பெயர்) ஊழியர்கள் அரசின் சிவில் பதவி வகிப்பவர்கள்தான் என்று சொல்லிவிட்டது. ஆனாலும் மற்ற மத்திய அரசு ஊழியர்களுக்கு ஊதியக் குழு, நமக்குத் தனியாக ஒரு கமிட்டி. தல்வார், நடராஜ மூர்த்தி, கமலேஷ் சந்திரா என்று தலைவர் பெயர் மாறியதே தவிர, நாம் உட்கார்ந்திருக்கும் திண்ணை மாறவில்லை. ஈடி என்ற பெயரை 2001-ல் கிராமின் டாக் சேவக் (ஜிடிஎஸ்) என்று மாற்றினார்கள். சேவை செய்பவர் என்று பெயர் வைத்துவிட்டால் சம்பளம் கேட்பது கொஞ்சம் கூச்சமாகத்தானே இருக்கும்! இந்தச் சண்டை நடக்க வேண்டியதுதான், நடக்கட்டும். ஆனால் அது டில்லியில் நடக்கிற சண்டை, என் பேரப்பிள்ளை காலத்தில் முடிந்தாலும் முடியும். பதிலி விவகாரம் நம் கோட்டத்துக்குள், கண்காணிப்பாளர் மேசைக்கு இந்தப் பக்கம் நாமும் அந்தப் பக்கம் அவரும் உட்கார்ந்து பேசினால் பாதியாவது தீரக்கூடியது.

நமக்கு வருஷத்துக்கு இருபது நாள் விடுப்பு, அவசர விடுப்பு ஐந்து நாள். காகிதத்தில் பார்த்தால் குறையில்லை. நான் போன வருஷம் எடுத்தது ஆறு நாள், அதில் இரண்டு அப்பாவுக்கு. மகள் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு ஒரு நாள்கூட இல்லை. பக்கத்து ஊர்த் தோழி கருப்பைக் கட்டிக்கு ஆபரேஷன் செய்யச் சொல்லியும் எட்டு மாதம் தள்ளிப்போட்டாள், காரணம் ஆள் கிடைக்கவில்லை. ‘நாலு மணி நேர வேலைக்கு எதுக்கும்மா லீவு’ என்று ஒரு பெரியவர் என்னிடமே கேட்டிருக்கிறார். நாலு மணி நேரம் என்பது சம்பளக் கணக்குக்கு மட்டும்தான். போன ஆகஸ்டில் புதுச் சாப்ட்வேர் வந்த வாரம், சிக்னல் கிடைக்குமா என்று டிவைஸைத் தூக்கிக்கொண்டு மாரியம்மன் கோவில் மேட்டில் நின்றதை எந்த நாலு மணி நேரத்தில் சேர்ப்பது? 2025 செப்டம்பர் முதல் ரிஜிஸ்டர் தபாலை ஸ்பீடு போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள், அதை ஊருக்கு விளக்கிச் சொன்னதும் நாம்தான். “ரிஜிஸ்தர் இல்லேன்னா கோர்ட்டு நோட்டீஸ் எப்படிடா வரும்” என்று வக்கீலைக் கேட்பதுபோல் என்னைக் கேட்டார்கள். இதற்கு நடுவில் ஆர்பிஎல்ஐ (கிராமிய அஞ்சல் ஆயுள் காப்பீடு) டார்கெட்டுக்குக் காலையில் ஒரு போன், சாயங்காலம் ஒரு போன்.

ஒன்றை நம் மூத்த தோழர்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். உங்கள் காலத்தில் பதிலி ஒரு பிரச்சினையாக இருந்திருக்காது. பிபிஎம் அந்த ஊர்க்காரர், பெரும்பாலும் கொஞ்சம் நிலபுலம் உள்ளவர். அவர் கல்யாணத்துக்குப் போனால் தம்பி உட்காருவார், தம்பி இல்லாவிட்டால் மச்சான். பதிலியை நீயே வைத்துக்கொள், அவன் செய்கிற தப்புக்கும் நீயே பொறுப்பு என்கிற ஏற்பாடு அந்த வீட்டை நம்பி வந்தது. இப்போது பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்து ஆன்லைனில் ஆள் எடுக்கிறார்கள். தருமபுரிப் பெண்ணுக்கு அறந்தாங்கிப் பக்கம் வேலை கிடைக்கிறது. இருபத்திரண்டு வயதில் தெரியாத ஊரில் வாடகைக்கு ஓர் அறை பிடித்து, அதிலேயே ஆபீஸையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு அங்கே தம்பி ஏது, மச்சான் ஏது? காய்ச்சல் வந்தால் மாத்திரை வாங்கிக் கொடுக்க ஆள் இல்லாதவள் பதிலிக்கு யாரைக் கூப்பிடுவாள்? எங்கள் சப் ஆபீஸுக்குக் கீழேயே இப்படி இரண்டு பேர். ஒரு பிள்ளை தீபாவளிக்கு ஊருக்குப் போகவில்லை. ரயில் நேரமும் லீவும் ஒத்துவரவில்லை, பண்டிகை அன்று என் வீட்டில் வந்து சாப்பிட்டாள். சங்கம் தண்டம் என்று எழுதுகிற பிள்ளைகளில் அவளும் ஒருத்தி. எனக்கு அவளிடம் பதில் சொல்ல வரவில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. ஒவ்வொரு உபகோட்டத்திலும் பதிலியாக வர விருப்பம் உள்ளவர்கள் பட்டியல் ஒன்று இருக்கட்டும். நம்மில் ஓய்வு பெற்றவர்களே எத்தனை பேர் சும்மா இருக்கிறார்கள்! அவர்களில் உடம்பு முடிகிறவர்களையும் உள்ளூர்ப் பிள்ளைகளையும் சேர்த்து, முன்கூட்டியே டிவைஸ் பழக்கிவைத்தால் போதும். ஆள் அனுப்புவது அலுவலகத்தின் வேலை, விடுப்புக் கேட்பது மட்டும்தான் என் வேலை என்று ஆக்குங்கள். பதிலிக் கூலி அடுத்த மாதச் சம்பளத்தோடு வர வேண்டும் என்று எழுத்தில் வாங்குங்கள். இதற்கெல்லாம் விதி இடம் கொடுக்காது என்று சொல்வார்கள். எந்த விதி, எந்தப் பத்தி என்று கேளுங்கள். நம் செயலாளர் அண்ணனுக்கு விதிப் புத்தகம் மனப்பாடம், ஒருமுறை இன்ஸ்பெக்டரையே திணறடித்ததை நேரில் பார்த்திருக்கிறேன், அந்தச் சாமர்த்தியத்தை இதில் காட்டுங்கள் அண்ணா.

இன்னொன்று கூட்டம் நடத்துகிற விதம். காலை பத்து மணி என்று போட்டுப் பதினொன்றரைக்குக் கொடியேற்றி, பன்னிரண்டு வரை சால்வை போட்டு, வரவேற்புரையே முக்கால் மணி நேரம் ஓடினால், ஊருக்குப் போகிற இரண்டரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய பெண்கள் தக்காளி சாதப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். விவாதம் தொடங்கும்போது மண்டபத்தில் இருப்பது பைக்கில் வந்த ஆண்கள் மட்டும்தான். பிறகு ‘மகளிர் பங்கேற்பு குறைவு’ என்று அறிக்கையில் எழுதுகிறீர்கள். மாடியில் மண்டபம் பிடித்தால் கழிப்பறை இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டுப் பிடியுங்கள், இதையும் ஒரு பெண் மடலில் எழுதித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த மாநாட்டுக்கு நான் வருகிறேன். தருமபுரிப் பிள்ளையையும் ஆபரேஷன் முடிந்து இப்போது தேறியிருக்கும் தோழியையும் கூட்டிக்கொண்டு முதல் பஸ்ஸிலேயே வருவோம், பத்து மணிக்கு முன் வரிசையில் இருப்போம். கொடியேறியதும் பதினான்காம் தீர்மானத்தை எடுங்கள். முன்மொழிய நான் தயார், வழிமொழிய அவர்கள் இருவர். எங்களுக்கு மூன்று பேருக்கும் சேர்த்துப் பத்து நிமிஷம் போதும். மறுத்த விடுப்பு விண்ணப்பங்கள், நிலுவையிலிருக்கும் பதிலி பில்கள் எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வருகிறேன். மற்றக் கிளைகளில் இப்படி வைத்திருப்பவர்களும் தயவுசெய்து கொண்டுவாருங்கள், அல்லது படம் பிடித்துக் குழுவில் போடுங்கள். அன்று ஒரு நாள் குட்மார்னிங் படங்களுக்கு விடுப்பு கொடுக்கலாம், அதற்குப் பதிலி தேவையில்லை.

தோழமையுடன்,
ஒற்றை ஆள் ஆபீஸ் பிபிஎம் ஒருத்தி