கேப்டன் போறா

மல்லி,

திட்டாதே. ஏழு மாசம் ஆச்சு, தெரியும். உன் வாய்ஸ் மெசேஜ் பதினொன்னையும் கேட்டுட்டேன், ரெண்டை ரெண்டு தடவை கேட்டேன். மாமா முழங்கால் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுல சந்தோஷம். உன் மாமியார் மேட்டர் நேர்ல பேசிக்கலாம், அது கடிதத்துல அடங்குற சமாச்சாரம் இல்ல. இதை நான் போன்கிட்ட பேசித்தான் டைப் பண்றேன், ஸ்டோக்கர்னு சொன்னா சாக்கர்னு போடுது, தப்பு இருந்தா அதைத் திட்டு.

விஷயம் என்னன்னா, கேப்டன் போறா, அதான் எங்க ரெண்டு பேர் சைக்கிள்ல முன்னாடி உக்காந்து எனக்கும் சேத்து வழி பாத்து ஓட்டுறவ. டிசம்பர்ல ஆஸ்திரேலியா, பெர்த்துக்கு, புருஷனுக்கு வேலை மாத்தல். மூணு நாளா இதை யார்கிட்டயும் சொல்லாம வச்சிருக்கேன். அம்மாகிட்ட சொன்னா "நல்லதாப் போச்சு, இனிமே வீட்ல இரு"ம்பா.

ஆமா, நீ கேட்டியே, ஒலிம்பிக் மாதிரி டிவியில கையால சுத்தி ஓட்டுறாங்களே அதுவா உன்னுதுன்னு. அது இல்லடி. கையால ஓட்டுறது ஹெச் பிரிவு, மூணு சக்கரம் டி, கால் கை குறையோட சாதா சைக்கிள் ஓட்டுறவங்க சி. எங்களுது பி, ரெண்டு பேர் ஓட்டுற டாண்டம். முன்னாடி கண்ணு தெரிஞ்ச பைலட், நான் கேப்டன்னு கூப்பிடுறது அவளைத்தான், பின்னாடி நான், அதாவது ஸ்டோக்கர். சுத்தமா தெரியாதவங்களும் என்னை மாதிரி அரைகுறையும் ஒரே ரேஸ்தான். நம்ம சிங்கப்பூர் ஸ்டீவ் டீ டோக்கியோ பாராலிம்பிக்ஸ்ல ஓட்டினது இதுதான், முன்னாடி ஆங் கீ மெங். ஜெயிச்சா பைலட்டுக்கும் மெடல் உண்டு, ரெண்டு கழுத்துலயும் போடுவாங்க. அந்த ரூலைக் கண்டுபிடிச்சவன் கால்ல விழணும்.

என் கண்ணு எவ்ளோன்னா, கைய நேரா நீட்டி முஷ்டி மடக்கிப் பாரு, அந்த முஷ்டி அளவுதான் எனக்கு உலகம். சுத்தி எல்லாம் போச்சு. ஆர்பி, அதான் எனக்கு இருக்குற விழித்திரை நோய், அப்படித்தான், முதல்ல இருட்டுல பாக்குற செல் சாகும், அப்புறம் ஓரம் ஓரமா மூடிக்கிட்டே வரும். தைப்பூசத்துல விடியறதுக்கு முன்னாடி பெருமாள் கோயில் வாசல்ல உன் புதுப் பட்டுல பால்குடத்தைக் கவுத்தேனே, நீ ரெண்டு வருஷம் என்னைப் பசுமாடுன்னு கூப்பிட்டியே, அப்பவே ஆரம்பிச்சிருக்கும். எனக்குக் கோவம் இல்ல. கொஞ்சம் இருக்கு.

டாண்டம்ல என் கையில பிரேக் கிடையாது, கியர் கிடையாது, ஒரு ஹேண்டில்பார் இருக்கு ஆனா திரும்பாது, சும்மா பிடிச்சுக்க. ரெண்டு பேர் பெடலும் இடது பக்கம் ஒரு செயின்ல கட்டியிருக்கும், அவ சுத்தினா என் கால் சுத்தும், அவ நிறுத்தினா என் கால் நிக்கும். முதல் நாள் ஈஸ்ட் கோஸ்ட் பார்க்ல என் கால் என் பேச்சைக் கேக்கலன்னு எனக்கு அழுகையே வந்துடுச்சு. இப்போ அவ மூச்சு விடுறதை வச்சே அடுத்து கியர் மாத்தப் போறான்னு தெரியும். எங்க போறோம்ங்கிறதும் அப்படித்தான், சாத்தே, அதான் குச்சியில சுடுற கறி, வாசம் வந்தா லகூன் சாப்பாட்டுக் கடை, தலைக்கு மேல விமானம் உறுமினா சாங்கி ஏர்போர்ட் பக்கம். குழி வந்தா அவ "பம்ப்"னு அரை செகண்ட் முன்னாடி சொல்லுவா, நான் சீட்லேருந்து லேசா எந்திரிச்சுக்குவேன். ஒரு தடவை வளைவுல மிதிக்காதேன்னு சொல்ல மறந்துட்டா, நான் அமுக்கிக்கிட்டே இருந்தேன், உள்பக்கம் சாஞ்ச பெடல் தரையில இடிச்சு ரெண்டு பேரும் ரோட்ல. அவ அழுறா, நான் சிரிக்கிறேன், முழங்கை தோலு பூரா போச்சு. அதுலேருந்து ரோட்ல மைனா உக்காந்திருந்தாலும் சொல்லுவா.

ரேஸ் பத்தி சொல்லவே இல்லையே. போன மாசம் உங்க ஊர்ப் பக்கம் ஒரு டைம் ட்ரையல், அதான் ஒவ்வொரு ஜோடியாக் கடிகாரத்தோட போட்டி போடுறது, 20 கிலோமீட்டர், 33 நிமிஷம் 10 செகண்ட். மூணாவது இடம். எத்தனை ஜோடின்னு கேக்காதே. சரி, மூணு.

வந்து மெடலைக் காட்டினேன், அம்மா என்ன சொன்னா தெரியுமா? "பாவம் அந்தப் பொண்ணு, உன்னையும் சேத்து இழுத்துக்கிட்டு எவ்ளோ தூரம் மிதிச்சிருக்கா, அவளுக்கு பாரமா இருக்காதே." பாரம். மல்லி, அந்த ஒரு வார்த்தை என்னைத் தூங்க விடல. ஊரே அப்படித்தான் நினைக்குது, பின்னாடி சும்மா உக்காந்து வர்றான்னு. எங்க பைக்ல யார் எவ்ளோ பலமா மிதிக்கிறாங்கன்னு அளக்குற பவர் மீட்டர் ரெண்டு பேருக்கும் தனித்தனியா இருக்கு, அன்னிக்கு நான் 160 வாட், அவ 150. வழி பாக்குற வேலை எனக்கு இல்ல, மிதிக்கிறது மட்டும்தான், அதைக்கூட ஒழுங்கா செய்யலன்னா எப்படி? வாட் அம்மாவுக்குப் புரியாதுன்னு வண்டியில ரெண்டு மாடு கட்டின கதையா சொன்னேன். "முன் மாட்டுக்குத்தானே வழி தெரியும்"னா. பதில் இல்ல என்கிட்ட.

இப்போ அந்த முன் மாடு போகுது. என் கால் இருக்கு, மூச்சு இருக்கு, காலைல 4:30க்கு எந்திரிக்கிற திமிர் இருக்கு, முன்னாடி ஆள் இல்லன்னா சைக்கிள் வாய்ட் டெக், அதான் பிளாக்குக்குக் கீழ இருக்குற திறந்த தரைத்தளம், தூண்ல சாஞ்சு நிக்கும், லிப்ட்லகூட ஏறாது அது. யாரைக் கேக்குறது? பொண்ணா இருக்கணும், வேகமா இருக்கணும், தன் ரேஸை விட்டுட்டு வாரத்துக்கு நாலு காலை எனக்குக் குடுக்கணும். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை தேடினப்பகூட இவ்ளோ கண்டிஷன் போடல, போட்டிருந்தா நல்லா இருந்திருக்கும், அது வேற.

கேப்டனே ஒரு பொண்ணைப் பிடிச்சு வந்தா, 24 வயசு, நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூணும் சேந்த ட்ரையத்லான் பண்றவ. போன ஞாயிறு சாங்கி வரைக்கும் ஓட்டினோம். கால் இரும்பு, சத்தியமா. ஆனா குழியை முன்னாடி சொல்ல மாட்டேங்கிறா, ஏறி இறங்கினப்புறம் "சாரி ஆன்ட்டி". போக 14 சாரி ஆன்ட்டி எண்ணினேன், அப்புறம் விட்டுட்டேன். சாரி லேட்டா வந்து என்ன பிரயோஜனம், இடுப்பு முன்னாடியே போயிடுச்சு. கேப்டன் தனி சைக்கிள்ல பக்கத்துல வந்துக்கிட்டே என் குழியெல்லாம் அவளுக்குக் கத்திக் கத்திச் சொல்றா. அவ குரல் முன்னாடி இல்லாம பக்கத்துலேருந்து வந்ததும் எனக்கு நெஞ்சு அடைச்சுடுச்சு, வியர்வைன்னு சொல்லி முகத்தைத் துடைச்சுக்கிட்டேன்.

மார்ச்ல உங்க மலேசியாவுல நீலாய் வெலோட்ரோம், அதான் சைக்கிள் ரேஸுக்குன்னே கட்டின வட்டத் தடம், போற ப்ளான் இருக்கு. இங்க சிங்கப்பூர்ல அது கிடையாது. ஒரு சுத்து 250 மீட்டர், மரத் தளம், சுவர் மாதிரி சாஞ்சு நிக்கும், அந்த சைக்கிள்ல முன்னாடி இருக்கிறவளுக்கும் பிரேக் கிடையாது. ஈப்போலேருந்து நீ கார்ல வந்துடு, மாமாவை விட்டுட்டு வா. யார் முதுகுக்குப் பின்னாடி உக்காந்து வருவேன்னு மட்டும் இப்போ தெரியல.

இதைச் சொல்லிக்கிட்டு இருக்கும்போதே அந்தப் பொண்ணு மெசேஜ். ஞாயித்துக்கிழமை மறுபடி ஓட்டலாமா, ஆன்ட்டின்னு கூப்பிட வேணாம்னா என்னன்னு கூப்பிடட்டும்னு கேக்குறா. கேப்டன் போட்டுக் குடுத்திருப்பா. நான் இன்னும் பதில் போடல. பசுமாடுன்னு மட்டும் சொல்லாதே, வேற ஏதாவது யோசிச்சு சீக்கிரம் அனுப்பு.

பூரணி